சிரிப்பு ஷாட்

"அய்யோ! நீங்க போன மாசமே செத்துட்டீங்களேம்மா!"

காய்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மரகதவல்லி திரும்பினாள். நாற்பது வயதுப் பெண்ணொருத்தி கூடையை நழுவவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் வாங்கிய தக்காளியெல்லாம் சாலிகிராமத்துத் தெருவில் உருண்டு ஓடியது.

சீரியல் நடிகைக்குத் தெருவில் வசவு வாங்குவது புதிதில்லை. கொடுமைக்கார மாமியாராக நடித்த காலத்தில் கோயில் வரிசையில் நின்றவள் மேல் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். பிறகு 'நெல்லிமரத்து வீடு' தொடரில் காந்திமதி அம்மாவாகப் பதினொரு வருடம். அந்தப் புண்ணியத்தில் கடைக்காரர்கள் கறிவேப்பிலையோடு கொத்தமல்லியும் சும்மா கொடுத்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்பதற்காக இதுவரை யாரும் அலறியதில்லை.

"யாரு செத்தது?" கீரைக்கட்டோடு நின்ற இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். "நேத்துகூட எங்க வீட்ல காந்திமதியம்மா பேத்திக்குக் காது குத்துனாங்க. நல்லா இருக்கிறவங்களைப் போய்..."

"எங்க வீட்ல கருமாதியே முடிஞ்சுதுங்க! மூணு நாள் நான் சோறு திங்கலை!"

மரகதம் முருங்கைக்காயைத் தட்டிலேயே வைத்தாள்.

"ஏம்மா, செத்ததுக்கு அப்புறம் நான் சிரிச்சேனா?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்து விழித்தார்கள்.

"பொணம் எங்கேயாவது சிரிக்குமாம்மா?" என்றாள் தக்காளியை உருட்டிவிட்டவள்.

சிரிக்கும். சிரிக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் யார் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து, லென்ஸைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். அந்தச் சிரிப்பு ஷாட்டை எந்த ரசிகரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அது எடுத்தாக வேண்டும். செத்தது பொய் என்று எமனுக்குக் காட்ட ஓர் அத்தாட்சி. நாற்பது வருடத்தில் மரகதம் எத்தனையோ தடவை செத்திருக்கிறாள், ஒரு தடவைகூடச் சிரிக்காமல் பாடையை விட்டு இறங்கியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், முட்டி வலி பொறுக்காமல், தன் உருவத்தையும் குரலையும் சேனலுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தாள். அவர்கள் அவளை முன்னும் பின்னும் படமெடுத்துக்கொண்டு, "இனிமே நீங்க வர வேணாம்மா, மெஷினே உங்களை நடிக்க வெச்சுக்கும்" என்றார்கள். வீட்டுக்கு வீடு கதை மாறும் என்பதும் அவளுக்குத் தெரியும். தன் முகத்தைத் திரையில் பார்த்தால் என்னவோ போலிருக்கும் என்று அவள் தொடரைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த மெஷின் தன்னைக் கேட்காமல் பாடையில் ஏற்றும் என்று அவள் நினைக்கவே இல்லை.

ஆட்டோ பிடித்து நேராகச் சேனல் அலுவலகத்துக்குப் போனாள்.

குமரகுரு ஒரு காலத்தில் அந்தத் தொடரின் வசனகர்த்தா. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் எழுதித் தள்ளிய மனிதன். இப்போது மெஷினுக்கு மேற்பார்வை என்று ஒரு பெயர்ப் பலகை வைத்துக்கொண்டு, திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மரகதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, வாங்க. காபி சொல்லட்டுமா?"

"செத்தவளுக்கு எதுக்குடா காபி?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"வீட்டுக்கொரு கதைன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்குனீங்க? வீட்டுக்கொரு சாவுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"உட்காருங்கக்கா. சொல்றேன்." குமரகுரு கதவைச் சாத்திவிட்டு வந்தான். "இதை நாங்க இங்க மாவு மில்லுன்னுதான் சொல்லிக்குவோம். மில்லுக்காரன் அரிசி விக்கிறதில்ல. அவங்கவங்க கொண்டு வர்றதை அரைச்சு அவங்கவங்களுக்கே குடுக்கிறான். டிவி மேல சின்னதா ஒரு கண்ணு இருக்கில்ல? அது பார்க்கிறவங்க முகத்தையே பார்த்துட்டிருக்கும், பேசறதையும் கேட்டுட்டிருக்கும். எங்க கண்ணு கலங்குது, எங்க கொட்டாவி வருது, எந்த இடத்துல வெங்காயம் உரிக்கிற கை நிக்குது... எல்லாம் அதுக்குத் தெரியும். அதை வெச்சு அடுத்த எபிசோடுக் கதையைத் திருப்பும்."

"என்னைச் சாகடின்னு எவ கேட்டா?"

"வாயால யாரும் கேட்கலைக்கா. முகம் கேட்டுச்சு."

மரகதத்தால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"எத்தனை வீட்ல செத்தேன்?"

"நாலு லட்சத்துச் சொச்சம்." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "எல்லாரும் ஒண்ணாக் கேட்கலை. மொதல்ல ஒரே ஒரு வீட்லதான் அப்படிப் பண்ணிச்சு. அங்க ரொம்ப எடுபட்டுருச்சு. ஒரு வீட்ல எடுபட்டா, அதே மாவை மத்த வீட்டுக் கல்லுலயும் ஊத்திப் பார்க்கும். மில்லோட புத்தி அது."

"அந்த மொத வீடு எது?"

குமரகுரு பேனா மூடியைக் கடித்தான். எழுதுவதை விட்டு மூன்று வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"நானே உங்களைப் பார்க்க வரணும்னு நெனைச்சேன்க்கா. தைரியம் வரலை."

"எதுடா?"

"ஈரோடு. நம்ம சிந்துஜா வீடு."

மரகதம் பெற்ற ஒரே மகள். ஐந்து வருடமாக ஒரு போன் இல்லை, ஒரு நல்லது கெட்டது இல்லை. அம்மா முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போனவள், தினமும் ஏழரை மணிக்கு அந்த முகத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாளா? உட்கார்ந்து, அந்த முகம் சாக வேண்டும் என்றா கேட்டாள்?

தப்பு யார் மேல் என்பதில் மரகதத்துக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில் குமரகுரு கதை நகராமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வீட்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று மரகதம்தான் ஆரம்பித்தாள். குழந்தை இல்லை என்று மாமியார் வீட்டில் மலடிப் பட்டம் சுமக்கிற ஒரு மருமகள். குறை புருஷனிடம்தான். ஆனால் அவன் தலை குனியக் கூடாது என்று, மருத்துவமனை அறிக்கையை மஞ்சள் கோப்பில் போட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். தன் தாயைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மகள் வாங்கும் ஏச்சு தாங்காமல் நெஞ்சில் கிடந்த பாரம். ரசம் சாதத்தோடு கொட்டிவிட்டாள். யார் வீடு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்பது!

குமரகுரு அரிசி டிரம்மைக்கூட மாற்றவில்லை. அந்த வாரமே ஒளிபரப்பானது. கோயம்புத்தூரில் சம்பந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், விளம்பர இடைவேளையில் எழுந்து சமையலறைக்குப் போய், டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டாள். மஞ்சள் கோப்பு வந்தது. "ஊர் பூரா சிரிக்க வெச்சுட்டியே" என்று சொல்லிவிட்டு சிந்துஜாவின் புருஷன் கௌதம் கிளம்பியவன்தான், பிறகு வக்கீல் மூலமாகத்தான் பேசினான். சிந்துஜா அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "யார்கிட்டம்மா சொன்னே?" மரகதம், "உன் நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினாள். அத்துடன் போன் வைக்கப்பட்டது.

"அந்த மில்லு அவகிட்ட என்னை என்ன பண்ண வெச்சுது?" என்று மரகதம் கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்க வெச்சுதுக்கா. இருநூத்திப் பதினாலு எபிசோடு. கால்ல விழுந்து, கோயில்ல நின்னு, மழையில நனைஞ்சு... ஒண்ணுக்கும் அவ முகம் அசையலை. கடைசியில உங்களைச் சாகடிச்சுப் பார்த்துச்சு. அன்னிக்குத்தான் அழுதா. மில்லு இதுவரைக்கும் அப்படி ஓர் அழுகையைப் பார்த்ததில்லையாம்." அவன் பேனாவைக் கீழே வைத்தான். "அந்த அரிசி டிரம் கதையை எழுதினவன் நான். நீங்க மட்டும் பாவத்தைச் சுமக்காதீங்கக்கா."

மறுநாள் சனிக்கிழமை. காலை ரயிலில் ஏறினாள் மரகதம். ஐந்து வருடமாகப் பயந்து தள்ளிப்போட்ட பயணம். பெற்ற மகள் தன் சாவைக் கேட்டுவிட்டாள் என்றான பிறகு பயப்பட மிச்சம் என்ன இருக்கிறது? சேலம் தாண்டும் வரை மன்னிப்பு வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அதற்குள் இருநூற்றுப் பதினாலு தடவை அது கேட்கப்பட்டாகிவிட்டது என்று நினைவு வந்ததும் ஒத்திகையை நிறுத்திவிட்டாள்.

ஈரோட்டில் அந்தக் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது, எதிர் வீட்டு அம்மாள் துணி காயப்போட வெளியே வந்தாள். மரகதத்தைப் பார்த்தாள். வாளி கையிலிருந்து விழுந்தது.

"சாமீ! என்ற கண்ணுதான் ஏமாத்துதா?"

"பயப்படாதீங்கம்மா. சீரியல்லதான் செத்தேன். நான் நடிகை மரகதவல்லி."

"சீரியலுங்களா?" அந்த அம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் அதைச் சொல்லலீங். அந்தச் சாவு இப்பத்தான் எங்கூட்டுலயும் ஓடுது. சிந்துஜா பாப்பாவோட அம்மா செத்துப் போயிட்டாங்கன்னு நாங்க எல்லாரும் துக்கம் விசாரிச்சோமுங். பதினாறாம் நாளு நான்தானுங் வடை பாயசத்தோட ஆக்கிப் போட்டேன். உங்க போட்டோவுக்குப் படையல் வெச்சது இந்தக் கையிதானுங்!"

மரகதம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திரையில் செத்தது ஒரு சாவு. இது வேறு. பெற்ற மகள் ஊரைக் கூட்டிக் காரியம் செய்திருக்கிறாள். படியில் அப்படியே உட்கார்ந்துவிடலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று நின்றபோது கதவு திறந்தது.

சிந்துஜா. முப்பத்தைந்து வயதுக்குள் காதோரம் நரை. நெற்றியில் சின்னதாகக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. அம்மாவைப் பார்த்ததும் அவள் அலறவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"பாப்பாத்தியக்கா, நீங்க போங்க. நான் அப்புறம் வந்து சொல்றேன்."

உள்ளே சுவரில் மரகதத்தின் பழைய படம் மாட்டியிருந்தது. அதில் சந்தன மாலை. சோபாவுக்கு எதிரே டிவி அணைந்து கிடந்தது.

"என்னடி இது?" மரகதத்தால் அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா." சிந்துஜா நின்றபடியே பேசினாள். "அந்த எபிசோடு வந்த அன்னிக்கு நான் சத்தம் போட்டு அழுதிருக்கேன். எனக்கே தெரியலை. பாப்பாத்தியக்கா கதவைத் தட்டி ஓடி வந்தாங்க. 'என்ன கண்ணு, அம்மாவா?'ன்னு கேட்டாங்க. நான் தலையாட்டிட்டேன். அதுக்குள்ள நாலு வீடும் வந்துருச்சு. இல்லைங்க, டிவிலன்னு எப்படிச் சொல்றது? ஒருத்தர் மாலை வாங்கிட்டு வந்தாங்க. ஒருத்தர் மூணு நாள் சாப்பாடு குடுத்தாங்க. ஆபீஸ்ல லீவு குடுத்தாங்க. எனக்கு டைவர்ஸ் ஆனப்ப ஒருத்தரும் வரலைம்மா. நீ செத்ததுக்கு ஊரே வந்துச்சு."

"நான் சாகணும்னு அவ்வளவு வெறுப்பாடி?"

"யார் சொன்னா?"

"அந்த மெஷின் சொல்லுது. நான் மன்னிப்புக் கேட்டப்ப உன் முகம் அசையலையாம். செத்தப்புறம்தான்..."

சிந்துஜா சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை அது.

"அதுக்கு என்ன தெரியும்? மன்னிப்புக் கேட்கிற உன் முகம் எனக்கு அத்துப்படிம்மா. கண்ணுல தண்ணி எங்க நிக்கும், உதடு எப்பத் துடிக்கும், எல்லாம் சின்ன வயசுல தளத்துல உட்கார்ந்து பார்த்தது. அதை எப்படி நம்புவேன்? ஆனா நீ பாடையில படுத்திருந்தப்ப நான் காத்திட்டிருந்தேன்." அவள் தொண்டை அடைத்தது. "பேர் எல்லாம் ஓடி முடிஞ்சுது. விளம்பரம் வந்துச்சு. அப்பவும் பார்த்துட்டே இருந்தேன். சிரிப்பே வரலைம்மா."

மரகதத்துக்குப் புரிந்தது.

சிந்துஜாவுக்கு நாலு வயது. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படப்பிடிப்புக்குத் தூக்கிப்போன நாள். அம்மாவைப் பாடையில் பார்த்துக் குழந்தை வீறிட்டது. இயக்குநர் குழந்தையைக் கேமரா பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். சிரிப்பு ஷாட்டுக்கு மரகதம் எழுந்தாள். மூக்கில் பஞ்சோடு மாறுகண் வைத்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கெக்கலி கொட்டியது. அதற்கப்புறம் எப்போது செத்தாலும், எந்தத் தளமானாலும், அந்த நாக்கு சிந்துவுக்கு. அது அவர்கள் இருவருக்குள் இருந்த விஷயம். மரகதம் வெளியே சொல்லாத ஒரே விஷயமும் அதுதான்.

ஒன்றும் பேசாமல் மரகதம் சோபாவில் ஏறிப் படுத்தாள். முட்டி சுருக்கென்று வலித்தது. கையிரண்டையும் மார்பில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, அறுபத்தோரு வயது முகத்தைக் கோணி, மாறுகண் வைத்து, நாக்கை நீட்டினாள்.

சிந்துஜா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முட்டியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நெடுநேரம் கழித்து எழுந்து, சுவரிலிருந்த மாலையைக் கழற்றினாள். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு நடந்தது. அரிசி டிரம் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. மரகதத்துக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. ராத்திரி தங்கினால் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழரை தாண்டியிருக்கும். பாப்பாத்தியம்மாள் கதவைத் தட்டாமலேயே உள்ளே ஓடி வந்தாள். மத்தியானம் பார்த்த பயமெல்லாம் போய், முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கண்ணு, டிவியைப் போடு! எங்கூட்டுல காந்திமதியம்மா எந்திரிச்சுட்டாங்க! செத்தவங்க எந்திரிச்சு நாக்கை நீட்டறாங்க கண்ணு! கீழ்வீட்டுலயும் அதேதானுங். எல்லாருஞ் சிரிச்சுட்டே அழுவுறாங்க!"

சிந்துஜா மெதுவாக எழுந்து டிவியைப் போட்டாள்.

திரையில் ஒரு சோபா. அதில் காந்திமதி அம்மா மார்பில் கைவைத்துப் படுத்திருந்தாள். மத்தியானம் மரகதம் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. தோளில் குத்திய அதே ஊக்கு. எதிரே ஒரு மகள், தொண்டை அடைக்க, "சிரிப்பே வரலைம்மா" என்றாள். பிணம் எழுந்தது. மாறுகண். நாக்கு.

பாப்பாத்தியம்மாள் கைகொட்டிச் சிரித்தாள்.

சிந்துஜா திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்திருந்தது. அவள் குரல் ஐந்து வருடத்துக்கு முன் போனில் கேட்ட அதே குரல்.

"யார்கிட்டம்மா சொன்னே?"

மரகதத்துக்கு உயிரே போனது. "நான் சொல்லலைடி. சத்தியமா இல்லடி." சொல்லும்போதே உதடு துடித்தது, கண்ணில் நீர் நின்றது. எந்த இடத்தில் நிற்குமோ அதே இடத்தில்தான் நின்றது. உண்மையைச் சொல்லும்போதும் தனக்கு இருப்பது அந்த ஒரே முகம்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அந்த முகத்தை ஊருக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது. இப்போது யார் நம்புவார்கள்?

கையை நீட்டிக் காட்டினாள். டிவியின் நெற்றியில் மிளகளவுக்கு ஒரு கண். மத்தியானம் திரை அணைந்திருந்தபோதும் அது விழித்துத்தான் இருந்திருக்கிறது. இப்போதும் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. சிந்துஜாவின் வெளிறிய முகத்தை, மரகதத்தின் நீட்டிய விரலை. மில்லுக்கு நாளைக்கு வேண்டிய அரிசி.

சிந்துஜா அந்தக் கண்ணைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணைப் பார்த்தாள்.

"பாப்பாத்தியக்கா, நீங்க உங்க வீட்ல போய்ப் பாருங்க. நாங்க கொஞ்சம் பேசணும்."

அவள் போனதும் சிந்துஜா கதவைத் தாழிட்டாள். தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, எம்பி, அந்தக் கண்ணின் மேல் ஒட்டிப் பெருவிரலால் அழுத்தினாள். திரையில் காந்திமதி அம்மா நாக்கை நீட்டியபடி அப்படியே உறைந்தாள். கீழே எழுத்து ஓடியது: 'உங்களைப் பார்க்க முடியவில்லை.' சிந்துஜா சுவரிலிருந்த சுவிட்சையே அணைத்துவிட்டு வந்து, அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. நான் மட்டும்தான் இருக்கேன்."

மரகதம் வாயைத் திறந்தாள். நாற்பது வருடமாக யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசிய வாய்.

"சிந்து... அந்த அரிசி டிரம்மு... நான்... சாப்பிட்டுட்டே சொல்லிட்டேன்டி. ரசம் ஊத்திட்டே..."

அதற்கு மேல் வரவில்லை. மூக்கு ஒழுகியது. துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது சிந்துஜாவின் முகம் எப்படி மாறியது என்பதைப் பார்த்தவள் ஒருத்திதான். அது அவளோடு இருக்கட்டும். நமக்கு எதற்கு?